புள்ளிக் குதிரையும் ஒரு பதிவேடும்

கறவை மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறீர்கள். தரகர் ஒரு மாட்டைக் காட்டுகிறார். "நல்ல சாதி மாடு. இதன் தாய் வேளைக்கு ஐந்து லிட்டர் கறந்தது" என்கிறார். நீங்கள் மாட்டைச் சுற்றி வந்து பார்க்கிறீர்கள். மடியைப் பார்க்கிறீர்கள். பல்லைப் பிடித்துப் பார்க்கிறீர்கள். மாட்டின் வயது தெரிகிறது. உடல்நிலை தெரிகிறது. ஆனால் அதன் தாய் எது? தகப்பன் எது? அது மட்டும் தெரியவில்லை. தரகர் சொல்வதை நம்ப வேண்டும். இல்லாவிட்டால் பேசாமல் திரும்பி வர வேண்டும்.

மாட்டின் முதுகில் அதன் தாயின் பெயர் எழுதியிருக்காது. யாராவது ஒருவர் தாளில் எழுதி வைத்திருந்தால்தான் உண்டு.

அப்படி எழுதி வைத்ததால் இன்றுவரை நிலைத்து நிற்கும் ஒரு குதிரை இனம் இருக்கிறது. அதன் பெயர் கொலராடோ ரேஞ்சர். இது அமெரிக்க நாட்டுக் குதிரை. உடம்பில் புள்ளி உள்ள குதிரை. அரபுக் குதிரையின் வழி வந்தது. உலகில் இந்த இனத்துக் குதிரைகள் குறைவாகவே உள்ளன. இதன் கதையைப் படிப்போம்.

சுல்தான் கொடுத்த பரிசு

அமெரிக்காவில் யுலிசஸ் கிராண்ட் என்று ஒரு படைத் தளபதி இருந்தார். பின்பு அவர் அந்த நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். 1869 முதல் 1877 வரை எட்டு ஆண்டுகள் பதவியில் இருந்தார். பதவி முடிந்ததும் உலகத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார்.

1878-ஆம் ஆண்டு அவர் துருக்கி நாட்டுக்குப் போனார். அங்கே சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது ஆட்சி செய்தார். கிராண்ட் சிறு வயது முதலே குதிரைகளில் பிரியம் உள்ளவர். எந்த முரட்டுக் குதிரையையும் அடக்கி ஏறக்கூடியவர். அவருக்குச் சுல்தான் இரண்டு ஆண் குதிரைகளைப் பரிசாகக் கொடுத்தார்.

ஒன்றின் பெயர் லெப்பர்ட். லெப்பர்ட் என்றால் சிறுத்தை என்று பொருள். இது அரபுக் குதிரை. மற்றொன்றின் பெயர் லிண்டன் ட்ரீ. லிண்டன் என்பது ஒரு மரத்தின் பெயர். இந்தக் குதிரை வட ஆப்பிரிக்காவின் பார்ப் இனத்தைச் சேர்ந்தது என்று சொல்லப்பட்டது. 1879-ஆம் ஆண்டு இரண்டு குதிரைகளும் கப்பல் ஏறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன.

அரபுக் குதிரை என்றால் ஏன் இவ்வளவு மதிப்பு? அது பாலைவனத்தில் வளர்ந்த குதிரை. கொஞ்சம் தீனி, கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் போதும். வெகு தூரம் களைக்காமல் ஓடும். சிறிய தலை, அகன்ற நெற்றி, பெரிய கண், உயர்த்திய வால் என்று அழகாகவும் இருக்கும். நம் நாட்டு அரசர்களும் இதைத் தேடி வாங்கினார்கள். பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ என்ற பயணி எழுதி வைத்திருக்கிறார்.

கிழக்கில் இருந்து மேற்கே

கிராண்ட் தம் குதிரைகளை ராண்டால்ப் ஹண்டிங்டன் என்பவரிடம் விட்டார். இவர் நியூயார்க் மாநிலத்தில் குதிரை வளர்த்தவர். வண்டி இழுக்க ஏற்ற ஒரு புதிய இனத்தை உருவாக்க நினைத்தார். அரபுக் குதிரையின் ரத்தம் கலந்தால் நல்ல குட்டிகள் பிறக்கும் என்று நம்பினார். பல ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார்.

1890-களில் லெப்பர்டும் லிண்டன் ட்ரீயும் மேற்கே ஒரு பயணம் போயின. நெப்ராஸ்கா மாநிலத்தில் கோல்பி என்பவருக்குப் பண்ணை இருந்தது. அங்கே ஒரு பருவம் மட்டும் அவை தங்கின. அந்தப் பண்ணையின் பெண் குதிரைகளோடு சேர்க்கப்பட்டன. அந்தப் பெண் குதிரைகள் அந்த வட்டாரத்துக் குதிரைகள். அவை பல நிறத்தில் இருந்தன. அவற்றுக்குக் குட்டிகள் பிறந்தன.

ஒரே ஒரு பருவம்தான். ஆனால் அந்த ஒரு பருவம்தான் இந்தக் கதைக்கு விதை.

நெப்ராஸ்காவுக்கு அடுத்த மாநிலம் கொலராடோ. அதன் கிழக்குப் பகுதி பரந்த புல்வெளி. மழை குறைவு. கோடையில் வெயில் கடுமை. குளிர்காலத்தில் பனி கொட்டும். மாடு மேய்ப்பதுதான் அங்கே முக்கியத் தொழில். ஒருவருடைய மாடுகள் பல மைல் தூரத்துக்குப் பரவி மேயும். அவற்றை வளைத்துக் கொண்டுவர நல்ல குதிரை வேண்டும். நாள் முழுவதும் களைக்காமல் ஓட வேண்டும். சட்டென்று நிற்க வேண்டும். சட்டென்று திரும்ப வேண்டும்.

கொலராடோவின் விப்பிள் குடும்பத்தார் கோல்பி பண்ணையின் குதிரைகளைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். அங்கே போய்ச் சில பெண் குதிரைகளையும் டோனி என்ற ஆண் குதிரையையும் வாங்கி வந்தார்கள். டோனிக்கு உடல் வெள்ளை. காதுகள் கறுப்பு. அதன் தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் லெப்பர்டின் ரத்தம் இருந்தது. டோனியின் வழியில் பல குட்டிகள் பிறந்தன. அவை வேலைக்கு நன்றாக உழைத்தன. அவற்றில் பல குதிரைகள் பார்க்கவும் விசித்திரமாக இருந்தன. சில வெள்ளை உடம்பில் கரும்புள்ளியோடு இருந்தன. சில இடுப்பில் மட்டும் வெள்ளைப் போர்வை போர்த்தியது போல் இருந்தன.

எழுதி வைத்த மனிதர்

அதே கொலராடோவில் மைக் ரூபி என்று ஒருவர் இருந்தார். அவரும் மாட்டுப் பண்ணைக்காரர். அவர் டோனியின் மகன் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் பேட்சஸ். பிறகு மேக்ஸ் என்ற வேறொரு ஆண் குதிரையையும் வாங்கினார். இது வால்ட்ரன் லெப்பர்ட் என்ற குதிரையின் மகன். இந்த இரண்டையும் வைத்து ரூபி தம் மந்தையைப் பெருக்கினார்.

குதிரை வளர்த்தவர்கள் அங்கே எத்தனையோ பேர். ரூபி மட்டும் ஒரு வேலையை விடாமல் செய்தார். தம் குதிரைகளைப் பற்றிய எல்லாவற்றையும் எழுதி வைத்தார். இந்தக் குட்டிக்குத் தகப்பன் எது, தாய் எது, என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் குறித்தார்.

"என் மந்தை எனக்குத் தெரியாதா? இதை எழுத வேண்டுமா?" என்று நமக்குத் தோன்றலாம். பத்துக் குதிரை இருக்கும்போது நினைவில் நிற்கும். நூறு குதிரை ஆனால் நிற்காது. பேரக் குட்டி பிறக்கும்போது பாட்டன் குதிரை மறந்து போகும். நினைவில் வைத்திருந்த மனிதர் இறந்துவிட்டால், நினைவும் அவரோடு போய்விடும். தாள் அப்படிப் போகாது.

1934-ஆம் ஆண்டு டென்வர் நகரில் பெரிய கால்நடைக் கண்காட்சி நடந்தது. ரூபி இரண்டு ஆண் குதிரைகளைக் கொண்டுபோனார். ஒன்றின் பெயர் லெப்பர்ட். இன்னொன்று பாக்ஸ், அதாவது நரி. இந்த லெப்பர்ட் சுல்தான் கொடுத்த பழைய லெப்பர்ட் அல்ல. அதே பெயர் வைத்த வேறு குதிரை. கூட்டம் கூடிப் பார்த்தது. இப்படி ஒரு குதிரையை அங்கே பலர் பார்த்ததே இல்லை.

கொலராடோ வேளாண்மைக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் இந்தக் குதிரைகளைப் பற்றித் தெரியும். அவர்கள்தான் இந்த இனத்துக்குக் கொலராடோ ரேஞ்சர் என்று பெயர் சொன்னவர்கள். ரேஞ்ச் என்றால் பரந்த மேய்ச்சல் நிலம். மேய்ச்சல் நிலத்தில் உருவான குதிரை என்பது அதன் பொருள்.

அடுத்த ஆண்டு, 1935-ல், ரூபி ஒரு சங்கம் தொடங்கினார். கொலராடோ ரேஞ்சர் குதிரைகளைப் பதிவு செய்வதுதான் அதன் வேலை. பேட்சஸ் குதிரைக்கு 1-ஆம் எண். மேக்ஸ் குதிரைக்கு 2-ஆம் எண். 1942-ல் இறக்கும் வரை ரூபியே சங்கத்தின் தலைவராக இருந்தார்.

இந்தச் சங்கத்தின் விதி ஒன்று முக்கியமானது. ஒரு குதிரையைப் பதிவு செய்ய அதன் உடம்பில் புள்ளி இருக்க வேண்டும் என்று சங்கம் கேட்பதில்லை. அதன் முன்னோர் யார் என்றுதான் கேட்கிறது. பேட்சஸ் அல்லது மேக்ஸ் குதிரையின் வழியில் அது வந்திருக்க வேண்டும். புள்ளியே இல்லாத குதிரையும் ரேஞ்சர் ஆகலாம். உடம்பெல்லாம் புள்ளி இருந்தும் ஒரு குதிரை ரேஞ்சர் ஆகாமல் போகலாம். உடம்பைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

ஐம்பது பேருக்கு மட்டும்

தொடக்கத்தில் இந்தச் சங்கத்தில் 50 பேர் மட்டுமே உறுப்பினராக இருக்கலாம். இது சங்கம் போட்ட கட்டுப்பாடு. 1960-கள் வரை இது நீடித்தது.

இதனால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துப் பண்ணையில் இரண்டு குட்டிகள் பிறக்கின்றன. இரண்டுக்கும் தகப்பன் ஒன்றே. ஒரு குட்டியின் சொந்தக்காரர் சங்க உறுப்பினர். மற்றவர் உறுப்பினர் அல்ல. முதல் குட்டிக்கு எண் கிடைக்கிறது. அதன் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது. இரண்டாவது குட்டிக்கு எண் இல்லை. ரத்தம் ஒன்றுதான். ஆனால் ஒன்று இனத்தின் உள்ளே இருக்கிறது. மற்றொன்று வெளியே நிற்கிறது.

நிலம் நம் பாட்டன் உழுத நிலம்தான். ஆனால் பட்டாவில் பெயர் இல்லை என்றால் அலுவலகத்தில் நம் பேச்சு எடுபடுகிறதா? குதிரைக்கும் அதே கதைதான்.

1938-ல் அமெரிக்காவில் இன்னொரு சங்கம் தொடங்கியது. அது அப்பலூசா என்ற புள்ளிக் குதிரை இனத்துக்கான சங்கம். ரேஞ்சர் சங்கத்தில் இடம் கிடைக்காத பலர் தம் குதிரைகளை அப்பலூசா என்று அங்கே பதிவு செய்தார்கள். இப்படி ரேஞ்சர் ரத்தம் உள்ள பல குதிரைகள் வேறு பெயருக்குப் போய்விட்டன.

அதே காலத்தில் வேறொரு மாற்றமும் நடந்தது. வயலில் டிராக்டர் வந்தது. சாலையில் கார் வந்தது. குதிரைக்கு வேலை குறைந்தது. 1910-களில் அமெரிக்காவில் 2 கோடிக்கு மேல் குதிரைகள் இருந்தன. 1960-ல் ஏறக்குறைய 30 லட்சம்தான் இருந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு சிறிய இனம் அடையாளம் தெரியாமல் அழிந்து போவது எளிது.

ஆனால் ரேஞ்சர் அழியவில்லை. அப்பலூசா சங்கத்தின் பதிவேட்டிலும் தாய், தகப்பன் பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. பிற்காலத்தில் சிலர் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தேடினார்கள். பாட்டன், பூட்டன், அதற்கும் முன்னால் என்று தேடிப் போனார்கள். பல குதிரைகளின் வழி பேட்சஸ் அல்லது மேக்ஸ் குதிரையில் போய் முடிந்தது. வெளியே நின்ற குதிரைகளின் குட்டிகளுக்கு ரேஞ்சர் என்ற பெயர் திரும்பக் கிடைத்தது. எந்தத் தாளிலும் ஏறாத குதிரைகளைத்தான் கண்டுபிடிக்க வழியில்லாமல் போயிற்று.

புள்ளி எங்கே இருந்து வந்தது?

சுல்தான் கொடுத்த குதிரைக்குச் சிறுத்தை என்று பெயர். அதன் பேரக் குட்டிகளுக்குப் புள்ளி இருந்தது. அப்படியானால் புள்ளி அந்த அரபுக் குதிரையிடம் இருந்துதான் வந்ததா? பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மை வேறு.

பழைய லெப்பர்ட் ஒரு சாம்பல் நிறக் குதிரை. சாம்பல் நிறக் குதிரைகள் பிறக்கும்போது கருமையாக இருக்கும். வயது ஏற ஏற வெளுக்கும். இடையில் சில ஆண்டுகள் உடம்பில் வட்ட வட்டமாக வெளிறிய திட்டுகள் தெரியும். பிறகு அவையும் மறைந்துவிடும். லெப்பர்ட் உடம்பில் இருந்தவை அப்படிப்பட்ட திட்டுகள்தான்.

ரேஞ்சர் குதிரையின் புள்ளி வேறு வகை. வெள்ளை மயிரின் மேல் மை தெளித்தது போல் இருக்கும். இது ஒரு மரபணுவால் வருவது. மரபணு என்பது தாய் தகப்பனிடம் இருந்து பிள்ளைக்கு வரும் உடற்குறிப்பு. நம் மூக்கும் நிறமும் அப்படித்தான் வருகின்றன. கலப்பு இல்லாத அரபுக் குதிரைகளிடம் இந்தப் புள்ளி மரபணு கிடையாது. ஆகவே புள்ளி, மேற்கு மாநிலங்களின் பெண் குதிரைகளிடம் இருந்தே வந்திருக்க வேண்டும். 1519-ஆம் ஆண்டு முதல் ஸ்பெயின் நாட்டவர் கப்பலில் குதிரைகளை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவற்றின் வழி வந்த குதிரைகள் மேற்கே பரவியிருந்தன. அவற்றில் புள்ளி உள்ளவையும் இருந்தன.

தகப்பன் வழியில் உடற்கட்டும் ஓட்டமும். தாய் வழியில் புள்ளி. இரண்டும் சேர்ந்ததுதான் ரேஞ்சர்.

புள்ளிக் குதிரை மிகப் பழமையானது. பிரான்சு நாட்டில் பெக் மெர்ல் என்ற குகை இருக்கிறது. அதன் சுவரில் புள்ளிக் குதிரைகளின் படம் உள்ளது. ஏறக்குறைய 25,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் வரைந்தது. அது வெறும் கற்பனை என்று சிலர் நினைத்தார்கள். மண்ணில் கிடைத்த பழைய குதிரை எலும்புகளை அறிவியலாளர்கள் சோதித்தார்கள். அந்தக் காலத்திலேயே புள்ளிக் குதிரைகள் இருந்தன என்று 2011-ல் தெரிந்தது. அந்த மனிதர்கள் கண்ணால் கண்டதையே வரைந்திருக்கலாம்.

இந்த மரபணுவால் ஒரு குறையும் உண்டு. ஒரு குட்டிக்குத் தாயிடம் இருந்து ஒன்று, தகப்பனிடம் இருந்து ஒன்று என்று இரண்டும் வந்துவிட்டால், அதற்கு இருட்டில் கண் தெரியாது. பகலில் நன்றாகப் பார்க்கும். இரவில் தடுமாறும். இது பிறவியிலேயே வருவது. ஆகையால் எந்தக் குதிரையை எதனோடு சேர்ப்பது என்று தெரிந்து செய்ய வேண்டும். அதற்கும் தாய் தகப்பன் விவரம் வேண்டும். இன்று குதிரையின் மயிர் வேரைச் சோதித்தே இந்த மரபணு உள்ளதா என்று சொல்லிவிடலாம். தாய் தகப்பனையும் உறுதி செய்யலாம். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கத் தாய் தகப்பனின் பதிவு முதலில் இருக்க வேண்டும்.

நம் வீட்டு நோட்டு

நம் நாட்டிலும் நல்ல குதிரை இனங்கள் உண்டு. ராஜஸ்தானில் மார்வாரி. குஜராத்தில் கத்தியவாரி. இவற்றிலும் அரபுக் குதிரையின் கலப்பு இருப்பதாகக் கருதுகிறார்கள். குதிரை மட்டும் அல்ல, மாடு, எருமை, ஆடு, கோழி எல்லாவற்றிலும் அந்தந்த ஊருக்கு ஏற்ற இனங்கள் உள்ளன. இவற்றைப் பதிவு செய்யும் தேசிய அமைப்பு ஹரியானா மாநிலம் கர்னால் நகரில் இருக்கிறது.

நம்மிடம் குதிரை இல்லை. இரண்டு மாடோ நாலு ஆடோ இருக்கலாம். அவற்றுக்கும் எழுதலாம். பெரிய புத்தகம் வேண்டாம். பிள்ளைகள் எழுதி மீந்த நோட்டுப் போதும்.

மாட்டின் அடையாளம் என்ன? அது பிறந்த நாள் எது? தாய் எது? பொலிகாளை எது? சினை ஊசி போட்டது எந்தத் தேதி? தடுப்பூசி போட்டது எந்தத் தேதி? ஒரு வேளைக்கு எவ்வளவு பால்? இவ்வளவு எழுதினால் போதும்.

சினை ஊசி போட்ட தேதி தெரிந்தால் கன்று போடும் நாளைக் கணக்கிடலாம். பசு ஏறக்குறைய 280 நாள் சுமக்கும். ஆடு ஏறக்குறைய 150 நாள் சுமக்கும். கிடா எது என்று எழுதி வைத்தால், அதன் குட்டியோடு அதையே சேர்க்கும் தவறு நடக்காது. நெருங்கிய ரத்தத்தில் சேர்த்தால் குட்டிகள் சோடையாகும். மாட்டை விற்கும்போது அதன் தாய் எவ்வளவு கறந்தது என்று நோட்டைக் காட்டிச் சொல்லலாம். வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். நமக்கு நல்ல விலை வரும்.

சுல்தான் குதிரை கொடுத்தார். குடியரசுத் தலைவர் பெற்றுக்கொண்டார். அவர்கள் பெரிய மனிதர்கள். ஆனால் அந்தக் குதிரைகளின் வழியை நாம் இன்று அறிய முடிவது ஒரு பண்ணைக்காரரின் எழுத்தால்தான். அவர் தினமும் மாடு மேய்த்தவர். வேலை முடிந்ததும் எழுதுகோலைக் கையில் எடுத்தார். அந்த எழுதுகோல் இப்போது நம் கையிலும் இருக்கிறது.

பேசிப் பாருங்கள்

1. கொலராடோ ரேஞ்சர் குதிரையைப் புள்ளியை மட்டும் பார்த்து ஏன் அடையாளம் சொல்ல முடியாது?

2. சங்கத்தில் 50 பேர் மட்டுமே இருக்கலாம் என்ற கட்டுப்பாட்டால் யாருக்கு இழப்பு?

3. உங்கள் வட்டாரத்தில் முன்பு இருந்து இப்போது காணாமல் போன மாடு, ஆடு, கோழி இனம் எது? ஊரில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

4. உங்கள் வீட்டுக் கால்நடை ஒன்றுக்கு இன்றே ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.